பங்கேற்பாளர் நான்கு

அச்சுக்கடைக்காரர் போஸ்டரின் ஓரத்தை வெட்டிக்கொண்டே படித்துக்கொண்டிருந்தார். வெட்டுகிறவருக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். மூன்றடிக்கு நாலடித் தாள் மூக்குக்குக் கீழே விரிந்து கிடந்தால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? அதுவும் நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பெட்டி இருந்தால்?

“ஏம்மா, லேடீஸ்கூட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாங்களா?”

“ஓட்டுறாங்க, ஓட்டுறாங்க. நீங்க சீக்கிரம் வெட்டிக் குடுங்க” என்றாள் செக்கிங் அக்கா. மணி ஒன்பது. பத்தரைக்குள் போஸ்டர் கல்லூரி அரங்கில் மாட்டியிருக்க வேண்டும். பதினோரு மணிக்கு நடுவர்கள் வந்துவிடுவார்கள்.

“இல்ல, எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடியில ஒருத்தங்க இருக்காங்க. டப்பா கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன்னு சொல்வாங்க. அவங்களா இது?”

செக்கிங் அக்கா மேசையைச் சுற்றி வந்து, தானே தட்டச்சு செய்த பெட்டியை முன்பின் பார்க்காதவள் மாதிரி படித்தாள்.

‘பிரேக் சரியாப் பிடிக்கலன்னு மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். ஓட்டத் தெரியலன்னா எறங்கிக்கோ, வரிசையில ஆள் நிக்குதுன்னாரு. அன்னைலேர்ந்து வாயைத் தைச்சுக்கிட்டேன்.’ அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘பங்கேற்பாளர் 4. பெண். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். ஒன்பது ஆண்டு அனுபவம். பகல் ஷிஃப்ட்.’

பெயர் போடவில்லை. எங்கேயும் பெயர் வராது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் அந்தப் பெண்ணைப் பேச வைத்திருந்தாள். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் என்கிற சரக்குத் தூக்கும் வண்டியை ஓட்டும் பெண் ஒருத்திதான். பெயரைப் போட்டிருந்தால்கூட அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

செக்கிங் அக்கா என்ற பட்டம் அவளுக்குச் சும்மா வந்ததில்லை. பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் சரக்கு வெளியே போகுமுன் சரிபார்க்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எந்த லைன், எந்த ஷிஃப்ட், என்ன தேதி, யார் கட்டியது என்ற நாலு விவரமும் லேபிளில் இல்லாத பெட்டி அவளைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. வீட்டிலும் அதே கூத்துதான். மாத்திரை டப்பாவில் யாருக்கு, எதற்கு, எப்போது வாங்கியது என்று ஒட்டி வைப்பாள். “என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடு. எங்கயாவது தொலைஞ்சு போனா யாராவது திருப்பி அனுப்புவாங்க” என்பார் வீட்டுக்காரர்.

பள்ளி முடித்த கையோடு கல்யாணம். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் தபாலில் ஒரு பட்டம், அப்புறம் மாலை வகுப்பில் மேலாண்மைப் படிப்பு. நாற்பத்து மூன்றாவது வயதில் பகுதி நேர ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது தொழிற்சாலையே வாயைப் பிளந்தது. அவள் எடுத்துக்கொண்ட விஷயமும் அந்த வாயைப் பற்றியதுதான். தொழிற்சாலை வாசலில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. வருடக் கடைசியில் அதைத் திறந்தால் உள்ளே இரண்டு மிட்டாய்க் காகிதமும் ஒரு பட்டனும்தான் இருந்தன. டீ குடிக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு வண்டி குறை சொல்கிறவர்கள் பெட்டி வந்ததும் ஏன் ஊமையாகிறார்கள்? இதுதான் அவள் கேள்வி. ‘சொல்லாமல் விடுவது ஏன்: உற்பத்தி நிறுவனங்களில் ஊழியர் மௌனம்’ என்று அதற்கு ஒரு தலைப்பு வைத்தாள்.

ஆனால் அவள் சேர்ந்திருந்த கல்லூரித் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆராய்ச்சித் திட்டத்தை முதலில் ஒரே தாளில் போஸ்டராகப் போட்டு, பக்கத்தில் நின்று நடுவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முப்பது பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால்தான் முழி பிதுங்கும். ஆறு மாதம் முன்பு முதல் தடவை அவள் முப்பது பக்கத்தையும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் ஒரே தாளில் இறக்கிவிட்டாள். “இது போஸ்டரா, போர்வையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும் திருப்பினால் பதிவு ரத்து. மூன்றாவது தடவை என்று ஒன்று விதியிலேயே இல்லை.

அதனால்தான் இந்த முறை வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். “முன்னோட்டமா ஆறு பேர்கிட்டப் பேசினேன்னு மொட்டையாப் போட்டிருக்கீங்களேம்மா. நீங்களே கற்பனை பண்ணி எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. அவங்க யாரு, என்னன்னு விவரம் குடுங்க” என்றார். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை துறை என்று எண்ணிக்கை போடத்தான் சொன்னார் பாவம். செக்கிங் அக்காவுக்கு விவரம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆறு மனிதர்களுக்கும் பெட்டிக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டித் தள்ளிவிட்டாள். “ஒரு போஸ்டர்ல ஒரு இடம்தாம்மா கத்தணும், மத்ததெல்லாம் பேசணும்” என்று அந்த மஞ்சளைக் கொண்டுவந்து சேர்த்தவள் மகள். பேராசிரியர் போனில் பார்த்துவிட்டு, “இப்பதான் போஸ்டர் மாதிரி இருக்கு” என்று பதில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை கோப்பைத் துறைக்கு அனுப்பியாயிற்று. ஆயிரம் பெட்டிக்கு நடுவில் ஒரு கோணல் லேபிளைக் கண்டுபிடிக்கிறவள் கண்ணுக்கு இது படவில்லை. படாததற்குக் காரணம், லேபிள் கோணலாக இல்லை. அது ரொம்பச் சரியாக இருந்தது.

“அண்ணே, இதை வேற அடிக்கணும்” என்றாள்.

“எதுல அடிக்கிறது? ரோல் தீர்ந்துடுச்சும்மா. உங்களோடதுதான் கடைசி. புது ரோல் ரெண்டு மணிக்குத்தான் வரும்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், மஞ்சள் பெட்டியைப் பார்த்தார். “அந்த அளவுக்கு ஒரு துண்டு மட்டும் சின்ன மிஷின்ல அடிச்சு மேல ஒட்டிடலாமா?” என்று கேட்டார்.

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாவது பங்கேற்பாளர் சொன்ன ஒரு வரியை, யார் என்ன என்ற விவரம் எதுவும் இல்லாமல் போட்டாள்: ‘சொன்னா கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?’ கடைக்காரர் அதை மஞ்சளில் அடித்து, பசை தடவி, ஸ்கேலால் நீவி ஒட்டினார். மற்ற ஐந்து பேரின் லேபிள்களையும் வெள்ளைத் துண்டுகளால் மூடினார்கள்.

“தடவிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

“அண்ணே, உங்க மூணாவது மாடிக்காரங்ககிட்ட...”

“நான் என்னத்தைப் பாத்தேன்? வெட்டினேன், சுருட்டினேன், குடுத்தேன். கெளம்புங்க, நேரமாகுது.”

அரங்கத்தில் பன்னிரண்டு பலகைகள். அவளுடையது ஏழாவது. பத்து இருபதுக்கு நாலு மூலையிலும் ஊசி குத்தி நிமிர்ந்தபோது பேராசிரியர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு கையில் எப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிற, நல்ல மனிதர்.

“உங்களுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம்தான். தொழில்துறை சார்பா நடுவரா வர்றவர் யாரு தெரியுமா? உங்க மேனேஜர்! நேத்துதான் முடிவாச்சு. உங்களுக்குச் சாதகமாப் பேசுவார்.”

செக்கிங் அக்கா ஒட்டிய மஞ்சள் துண்டை இன்னொரு தடவை நீவிவிட்டாள். பேட்டி எடுக்க அனுமதிக் கடிதம் தந்தது அந்த மேனேஜர்தான். ‘ஓட்டத் தெரியலன்னா எறங்கிக்கோ’ என்றதும் அவரேதான். ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலேதான் ஒட்டியாயிற்றே.

நடுவர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் குழுவின் தலைவி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மூத்த பேராசிரியை. பின்னால் பேனாவைத் திறந்து மூடுகிற ஒரு இளைஞர். கடைசியில் மேனேஜர், கடையில் கசங்காமல் எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சட்டையில். மூவர் கையிலும் ஒவ்வொரு கட்டுத் தாள். முதல் பலகை முன்னால் நின்று, தாளைப் பார்த்தார்கள், போஸ்டரைப் பார்த்தார்கள், மறுபடி தாளைப் பார்த்தார்கள்.

“என்ன சார் அது கையில?” என்று பேராசிரியரைக் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை எல்லாரும் அனுப்பின கோப்புதாம்மா. சின்னதா பிரின்ட் எடுத்துக் குடுத்திருக்கோம், குறிச்சுக்க வசதியா.”

தலையில் இடி விழுந்தது போலிருந்தது. மஞ்சள் பெட்டி அப்படியே, லேபிளோடு, மேனேஜர் கையில் இருந்தது. இனி ஓடவும் முடியாது. இரண்டாவது பலகை. மூன்றாவது. ஐந்தாவது பலகைக்காரன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அவர்களுடைய செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“இவங்க நம்ம ஆளுதான் மேடம், பத்தொன்பது வருஷம்!” என்று ஏழாவது பலகைக்கு வந்ததும் பெருமையாக ஆரம்பித்தார் மேனேஜர். தாளைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். “என்ன, இதுல வேற என்னமோ இருக்கே?”

தலைவி மஞ்சள் பெட்டி மேல் விரலை ஓட்டினார். விரல் ஓரத்தில் தடுக்கியது. “மேல ஒட்டியிருக்கீங்களா?”

“ஆமா மேடம்.”

“எதுக்கு?”

அவள் பதில் சொல்லுமுன் மேனேஜர் தன் கையிலிருந்ததை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ‘ஓட்டத் தெரியலன்னா’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. காது மடல் சிவந்தது. முழுவதும் படித்து, லேபிளையும் படித்து, தாளை மடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஃபோர்க்லிஃப்ட், பெண், ஒம்பது வருஷம். நம்ம ஹாரன்தானே இது? அந்தப் பொண்ணா என்னைப் பத்தி இப்படிச் சொல்லிச்சு?”

ஹாரன் என்பது தொழிற்சாலை வைத்த பட்டப்பெயர். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவள். வாயும் அதே சத்தம்தான். ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்த முறை இந்த மாதக் கடைசியில். கையெழுத்துப் போட வேண்டியவர் இதோ சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிரிப்பைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிரிப்புக்கு அடுத்த வாரம் யாராவது ஒருவர் வேலையில் இருக்க மாட்டார். ஹாரன் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

சரியான பதில் என்ன என்று செக்கிங் அக்காவுக்குத் தெரியும். பேட்டி கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பாடப் புத்தகம் எழுதியவர் ஒரே ஒரு பெண் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொழிற்சாலையைப் பார்த்ததில்லை. சொல்ல மாட்டேன் என்றால் ஆமாம் என்றுதான் அர்த்தம்.

“அப்படி யாரும் சொல்லல சார்” என்றாள். “அது நானே எழுதினது.”

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “புரியல. நீங்களே எழுதினதுன்னா?”

“ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்ககிட்ட நான் பேசவே இல்ல மேடம். இப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு கற்பனையா எழுதிச் சேர்த்துட்டேன். அப்புறம் மனசு உறுத்துச்சு. அதான் காலையில மேல ஒட்டிட்டேன்.”

பொய் இவ்வளவு சுளுவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஒட்டின துண்டு வேறு அதற்குச் சாட்சி சொன்னது. பின்னால் நின்ற பேராசிரியர் வாயைத் திறந்தார். ஹாரனின் பேட்டியை எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்தம் சொன்னவர் அவர். அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“தரவை இட்டுக்கட்டுறது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார் தலைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

“தெரியும் மேடம்.”

மேனேஜர் மூச்சை விட்டார், இப்போது நிஜமாகவே சிரித்தார். “அதானே பாத்தேன்! பிரேக் பிடிக்கலன்னு எங்கிட்ட யாரும் வந்து சொன்னதே இல்ல மேடம். இல்லையாம்மா?”

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். அரங்கமே காத்திருந்த மாதிரி இருந்தது.

“ஆமா சார்” என்றாள். “யாரும் சொல்லல.”

வெளியே மாடிப்படிக்குப் பக்கத்தில் பேராசிரியர் அவளைப் பிடித்துவிட்டார். “ஏம்மா இப்படிப் பண்ணினீங்க? பதிவு ரத்தாகும். வேற எங்கயும் இடம் கிடைக்காது. இட்டுக்கட்டினவங்கன்னு குறிப்பு போகும்.”

“எங்க கம்பெனியில அவ ஒருத்திதான் சார் ஓட்டுறது.”

அவர் கண்ணாடித் துடைப்பை நிறுத்தினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “நான்தானே விவரம் கேட்டேன்” என்றார்.

“நீங்க கேட்டது வேற சார். நான் லேபிள் ஒட்டிட்டேன்.”

பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எட்டு வருடப் படிப்பு ஐந்து நிமிடத்தில் போய்விட்டதே என்று அழுதாள். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு அது. அந்த நினைப்போடுதான் முகம் கழுவிக்கொண்டு, மத்தியான ஷிஃப்டுக்குத் தொழிற்சாலைக்குப் போனாள்.

மேனேஜர் அவளுக்கு முன்னால் காரில் போய்ச் சேர்ந்திருந்தார். கதையும் அவரோடு போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் காவல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து நோட்டை நீட்டினார். பேக்கிங்கில் இருவர் பேச்சை நிறுத்தினார்கள். சரக்கு ஏற்றும் மேடையில் ஃபோர்க்லிஃப்ட் சத்தமில்லாமல் நின்றது. ஹாரன் அதன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பாட்டு ரூம்ல மேனேஜர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு” என்றாள். “ஃபோர்க்லிஃப்ட்காரி சொன்ன மாதிரி நீங்களே கதை கட்டி மாட்டிக்கிட்டீங்களாம். நான் சொன்னேன்ல அக்கா? அரை மணி நேரம் உக்காந்து சொன்னேன்ல?”

செக்கிங் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். லேபிள், அச்சுக்கடை, கையிலிருந்த தாள், மேனேஜரின் சிரிப்பு, மாதக் கடைசி. ஹாரன் குறுக்கே பேசவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“எனக்காகப் படிப்பையே விட்டுட்டீங்க” என்றாள் கடைசியில். “பெரிய மனசுதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. அவரு காதுல வாங்கல. ரெண்டாவது தடவை உங்ககிட்டத் திறந்தேன். நீங்க போய், அவ சொல்லவே இல்லன்னுட்டீங்க.”

“உன் வேலை போயிடக் கூடாதுன்னுதாம்மா...”

“பிரேக் இன்னும் பிடிக்கலக்கா. முந்தாநாள் அந்தத் தூண்ல முட்டித்தான் நிறுத்தினேன். நாளைக்கு யார் கால் மேலயாவது ஏறிச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க? ஏன் முன்னாடியே சொல்லலன்னு. சொன்னேன்னு சொல்லுவேன். யாரு நம்புவா? யாரும் சொல்லலன்னு நீங்களே பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

செக்கிங் அக்கா திரும்பிப் பார்த்தாள். தூணில் சிமென்ட் பெயர்ந்து, செங்கல் தெரிந்தது. இரண்டு நாளாக அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். காலையிலிருந்து அவள் யோசித்ததெல்லாம் யார் சொன்னது என்பதைப் பற்றித்தான். என்ன சொன்னது என்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுததுகூட இப்போது வெட்கமாக இருந்தது.

“நான் எழுதிக் குடுக்கறேன்” என்றாள். “என் பேர்ல. இப்பவே.”

“ஓட்டுறது நானு. நீங்க எதுக்கு எழுதணும்?” ஹாரன் சாவியை உருவி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கீழே குதித்தாள். “உங்க செக்கிங் நோட்டையும் பேனாவையும் குடுங்க.”

“மாசக் கடைசியில அவருதான் கையெழுத்துப் போடணும்மா.”

“தெரியும்.”

பலகை அடுக்கின் மேல் நோட்டை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். நாலு வரி எழுத ஐந்து நிமிடம் ஆயிற்று. மேனேஜர் அறையில் விளக்கு எரிந்தது. அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஹாரன் தாளைக் கிழித்து, மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

“கூட வாங்கக்கா. நீங்க ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல நின்னாப் போதும்” என்றாள். நாலடி நடந்ததும் நின்று திரும்பினாள். “இந்தத் தடவையும் நான் சொல்லவே இல்லன்னு சொல்லிடாதீங்க.”